சிவப்பா, நீலமா?

ஜனவரி 20, திங்கள்

கேராபாடா வந்து சேர்ந்தாயிற்று. சத்தீஸ்கரில் இப்படி ஒரு ஊர் இருப்பது போன வாரம் வரை எனக்குத் தெரியாது. திருச்செங்கோட்டில் கலாமணி என்று ஒருத்தி இருப்பது இந்த ஊருக்கும் தெரியாது. இனி இரண்டு பேருக்கும் தெரியும்.

வந்த காரணத்தை ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். எங்கள் போர்வெல் வண்டிக்கு முதலாளி, மேனேஜர் எல்லாம் என் வீட்டுக்காரர் சுப்பராயன்தான். பொங்கலுக்கு வண்டியோடு ஊருக்கு வந்தவர், அதைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டு, ஏணியில் ஏறி நின்றுகொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் பின்னால போங்க" என்றேன். போனார். இப்போது வலது கணுக்காலில் மாவுக்கட்டு.

கட்டுப் பிரிக்கும் வரைதான் நான் மேனேஜர். இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் மிருதுளா, "நீ எதுக்கும்மா அவ்வளவு தூரம் போற? வேற ஆள் போடச் சொல்லு" என்றாள். வேறு ஆளை நம்பி வண்டியைக் கொடுக்க முடியாது என்று அப்பா சொல்கிறார் என்றேன். அப்பா அப்படிச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வண்டியில் டிரில்லர் நாச்சிமுத்தண்ணன். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்களிடம் வேலை செய்கிறார். இன்ஜினையும் அவரே பார்த்துக்கொள்வார். வந்து இறங்கியதும், "அம்மிணி, நீங்க கேபின்ல ஃபேனப் போட்டுட்டு உக்காருங்க. ஒறம்பரையாட்ட, விருந்தாளியா வந்திருக்கறீங்க, உங்களுக்கெதுக்கு இந்தத் தூசி" என்றார்.

ஃபேன் ஓடவில்லை.

ஜனவரி 22, புதன்

ஒரு விவசாயியின் வயலில் முதல் போர்வெல். லாரியை ஓட்டுகிற இன்ஜின் வேறு, வண்டிக்கு மேலே கம்ப்ரசரை ஓட்டுகிற இன்ஜின் வேறு என்பது எனக்கு முன்பே தெரியும். அந்த மேல் இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் நின்றால் நம் பற்கள் எல்லாம் தனித்தனியாக ஆடும் என்பது இன்றுதான் தெரிந்தது.

ஆடுவது பற்கள் மட்டும் இல்லை. ஃபேன் பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் பிராக்கெட்டில் சில போல்டுகள் இருக்கின்றன. அந்த அதிர்வில் அவை தாமாகவே கழன்று வருகின்றன. போல்ட் கழன்றால் பெல்ட் தளரும், பெல்ட் தளர்ந்தால் இன்ஜின் கொதிக்கும். பிராக்கெட்டே உடைந்து ஃபேன் போய் ரேடியேட்டரில் அடித்தால் இந்த சீசன் முடிந்தது. நாச்சிமுத்தண்ணன் ஒரு கையில் டீ, இன்னொரு கையில் ஸ்பேனர் என்று பழகிவிட்டார்.

"இது புருசன் பொண்டாட்டி மாதிரிங்க அம்மிணி. அப்பப்ப முடுக்கிட்டே இருக்கோணும்."

"யாரு யார முடுக்கறதுங்ணா?"

"அது வீட்டுக்கு வீடு மாறுமுங்க."

நிரந்தரமாக ஏதாவது செய்ய முடியாதா என்றேன். யோசித்தார். பிறகு என் நகங்களைப் பார்த்து, "உங்ககிட்ட அந்தப் பாலீசு இருக்குதுங்களா?" என்றார். மரையில் நகப்பாலீஷ் தடவி முடுக்கினால் கொஞ்சம் பிடிக்குமாம். மிருதுளா வாங்கிக்கொடுத்த புதுப் பாட்டில். எடுத்துக் கொடுத்தேன். எல்லாப் போல்டுக்கும் ரோஜா நிறத்தில் பொறுமையாகப் பூசினார். மிச்சத்தை வீணாக்க வேண்டாம் என்று தன் சுண்டுவிரலிலும் பூசிக்கொண்டார்.

ஜனவரி 24, வெள்ளி

நாச்சிமுத்தண்ணனின் சுண்டுவிரலில் மட்டும் இன்னும் இருக்கிறது.

ஜனவரி 25, சனி

டவுனுக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே கடை முழுக்கத் தேடுகிறவர். போல்ட் விழுகிறது, விழாத மாதிரி வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லி, தெரியாததை உடம்பை ஆட்டிக் காட்டினேன். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்து வைத்தார். மரையில் போடுகிற பசை, த்ரெட் லாக் என்கிறார்கள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. எது பலசாலி என்று கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினேன். சிவப்பைத் தொட்டார். பலசாலி இருக்கும்போது நோஞ்சானை வாங்க எனக்கென்ன பைத்தியமா?

திரும்பி வந்து குப்பியை வெளிச்சத்தில் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. பாக்கி காற்று. தகர மூடி ஒன்றில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைத்தேன். சாயங்காலம் வரை காயவே இல்லை, எண்ணெய் மாதிரி ஓடுகிறது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஏமாத்திப்புட்டான் புள்ள. பொம்பள வந்திருக்குதுன்னு பாதிப் பாட்டில், அதுவும் போலி. நான் போயிருந்தா இப்படி நடக்குமா?"

போனை வைத்தேன். அவர் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஆனால் அவர் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க மாட்டார்.

ஜனவரி 27, திங்கள்

சண்டை போடத் தயாராகத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போதே ஹிந்தி வசனங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். அலமாரியிலிருந்து அதே மாதிரி சீல் பிரிக்காத குப்பிகள் சிலவற்றை எடுத்து வரிசையாக வைத்தார். எல்லாமே பாதிதான்.

பிறகு ஒரு போல்டில் சொட்டு விட்டு நட்டை முடுக்கி மேசைமேல் வைத்துவிட்டு எனக்கு டீ சொன்னார். டீ வருவதற்குள் கையாலும் படத்தாலும் விளக்கினார். காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் வரை இந்தப் பசை இறுகாதாம். அதனால்தான் குப்பிக்குள் காற்றுக்கு இடம் விடுகிறார்களாம். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் காற்றில்லாமல் மாட்டிக்கொண்டால்தான் இறுகுமாம். டீயைக் குடித்து முடித்து நட்டைத் திருகிப் பார்த்தேன். என் விரல்தான் சிவந்தது.

தப்பு என்மேல். இரண்டாவது டீக்கும் உட்கார்ந்தேன். அவர் ஏதோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தார். நடுநடுவே "நீலா, நீலா" என்றார். கவலையோடு சொன்னதால் அவர் சம்சாரமோ மகளோ என்று நினைக்கிறேன். நீலாவுக்குச் சீக்கிரம் குணமாகிவிடும் என்று கையைத் தூக்கி ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாவம்.

ஜனவரி 28, செவ்வாய்

பிராக்கெட் போல்டு எல்லாவற்றுக்கும் சிவப்பு.

"எல்லாத்துக்குமுங்களா?" என்றார் நாச்சிமுத்தண்ணன். "பெல்ட்ட இழுத்து வெக்கற போல்டுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"அம்மிணி சொன்னாச் சரி" என்றார். அவர் இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை. அதனால் நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

ஒரு போல்டும் அசையவில்லை! நாச்சிமுத்தண்ணனுக்கு இப்போது டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க முடிகிறது. ஆனால் இடது கை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "இந்த ரசத்துக்குப் புளி எவ்வளவு போடறது?" என்று கேட்டார்.

சாயங்காலம் ஊர்த் தலைவி துலேஷ்வரி ஸ்கூட்டரில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட். வண்டிக்கு ஒரு பெண் மேனேஜர் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தாராம். என்னைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு, பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஊர்க்கோடியில் பெண்பிள்ளைகளுக்கான அரசு விடுதி. அங்கிருக்கும் கைப்பம்பு போன கோடையோடு வற்றிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பெண்கள் காலையில் ஓடைக்குப் போய்த் தலையில் தண்ணீர் சுமந்து வருகிறார்கள். எங்கள் வண்டியை வரவழைத்ததே இந்தப் போருக்குத்தான், அரசாங்க உத்தரவு கைக்கு வரத் தாமதமானதால் காத்திருந்தார்களாம். உத்தரவு வந்துவிட்டது. துலேஷ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். "ஹான், ஹான்" என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

வீட்டுக்காரருக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். "சனிக்கிழம வண்டி ஏறிர்றேன். நீ திரும்பி வந்துரு" என்றார்.

விடுதிப் போரை முடிக்காமல் வர முடியாது, துலேஷ்வரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"என்ன வாக்கு?"

"ஹிந்தில குடுத்ததுங்க. சரியாத் தெரியல."

கால் வீக்கம் வடியும் வரை பயணம் வேண்டாம் என்றும் சொன்னேன். இது அக்கறையில் சொன்னது.

பிப்ரவரி 8, சனி

என்ன எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் விடுதி முற்றத்தில் பூசை போட்டு ஆரம்பித்தோம். பிள்ளைகளுக்கு லீவு, எல்லாரும் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மேலே சரளை மண், அப்புறம் பாறை. மத்தியானத்துக்குள் துளையிடும் ராடுகள் நன்றாக இறங்கிவிட்டன. வெறும் வெள்ளைத் தூசிதான் வந்துகொண்டிருந்தது. அப்போது இன்ஜின் பக்கமிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஃபேன் பெல்ட் நைந்து நாராகத் தொங்கியது.

பெல்ட் தேய்வது சகஜம், ஸ்பேர் பெல்ட் கையில் இருக்கிறது. போல்டைத் தளர்த்தி, புதுசை மாட்டி, இழுத்து முடுக்கினால் முடிந்தது. நாச்சிமுத்தண்ணன் ஸ்பேனரைப் போட்டார். அசையவில்லை. ஸ்பேனரில் நீளப் பைப்பைச் சொருகித் தொங்கினார். அசையவில்லை. டிரைவரும் சேர்ந்து தொங்கினார். டப்பென்று ஒரு போல்டின் தலை மட்டும் கழன்று கையோடு வந்தது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய பிரச்சினை குழிக்குள் இருந்தது. கம்ப்ரசர் காற்று நின்று நேரமானால் மேலே உள்ள சரளை சரிந்து ராடுகளைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் ராடும் போச்சு, அதன் நுனியில் பாறையை உடைக்கிற ஹேமரும் போச்சு, குழியும் போச்சு. ராடை மேலே தூக்க இன்ஜின் ஓட வேண்டும். பெல்ட் இல்லாமல் ஓட்டினால் சித்த நேரத்தில் கொதித்துவிடும்.

"விட்டு விட்டு ஓட்டலாமுங்க அம்மிணி. ஈரச்சாக்குப் போட்டு ஆற வெச்சு ஆற வெச்சு ஓட்டோணும். தண்ணி வேணுமே, தண்ணிக்கு எங்க போறது?"

எங்கள் டிரம்மில் அடிமட்டத்தில்தான் இருந்தது. நான் துலேஷ்வரியைப் பார்த்து "பானி" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் சரியாகச் சொல்வேன். அவர் சுவரைப் பார்த்தார். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். உள்ளே போய், காலையில் ஓடையிலிருந்து தாங்கள் சுமந்து வந்த குடங்களைத் தூக்கி வந்தார்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீர்.

கொஞ்சம் ஓட்டி, ஒரு ராடைத் தூக்கி, நிறுத்தி, ரேடியேட்டர் மேல் ஈரச்சாக்கு. மறுபடி ஓட்டி, இன்னொரு ராடு. நான் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குடம் கவிழும்போதும் அந்தக் குடத்துக்காரி முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். சரளைக்கு மேலே ஹேமர் வந்து சேர்ந்தபோது நாச்சிமுத்தண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு, தூசியும் தண்ணீருமாகத் தரையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். கடைக்காரர் நீலாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னது வரைக்கும்.

"யாரு நீலா?"

"அவரு வீட்ல யாரோ."

மறுமுனையில் முதலில் இருமல் மாதிரி ஒன்று கேட்டது. பிறகு அது சிரிப்பு என்று தெரிந்தது. "அடியே, நீலான்னா ஹிந்தில நீலக் கலரு! கழட்டி மாட்டற எடத்துக்கு நீலத்தப் போடு, செவப்பு கழட்டவே வேண்டாத எடத்துக்குன்னு சொல்லியிருக்கறான் அந்த மனுசன்!"

நான் ஆறுதல் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

"வெல்டிங் செட்டு இருக்குதுல்ல? நல்லா நெருப்புக் காட்டச் சொல்லு. சுட்டாத்தான் செவப்பு வுடும். சூடு ஆறங்காட்டியும், சூட்டோடவே கழட்டிப்போடோணும்" என்றார். பிறகு மெதுவாக, "நீ சாப்டியா?" என்றார்.

நெருப்புக் காட்டினோம். இரண்டு போல்டுகள் புகைந்துகொண்டே வந்தன. தலை முறிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வெல்டு வைத்து, அந்தச் சூட்டோடு திருகி எடுத்தார் நாச்சிமுத்தண்ணன். நான், "எம்மேல தப்புங்ணா" என்றேன்.

"போச்சாது வுடுங்க. நகப்பாலீசுன்னு நாஞ் சொன்னப்ப நீங்க சிரிக்காம எடுத்துக் குடுத்தீங்கல்ல."

பிப்ரவரி 9, ஞாயிறு

கடை லீவு. கடைக்காரர் வீட்டைத் தேடிப் போய் நீலத்தை வாங்கினேன். சிவப்புக் குப்பியைக் காட்டி, நடந்ததை ஆடிக் காட்டினேன். அவர் சம்சாரம் கதவுக்குப் பின்னால் சிரித்தார். அவர் பெயர் நீலா இல்லை, கேட்டுவிட்டேன்.

திரும்பி வருவதற்குள் புதுப் போல்டு, புதுப் பெல்ட் எல்லாம் தயார். நீலம் போட்டு முடுக்கி, உடனே இன்ஜினைக் கிளப்பினோம். ராடு இறங்க ஆரம்பிப்பதற்குள் இரண்டு போல்டு தளர்ந்துவிட்டன.

நோஞ்சான் என்று நான் நினைத்தது சரிதான் போலிருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

சரி இல்லை. கடைக்காரருக்குப் போன் போட்டுத் துலேஷ்வரியிடம் கொடுத்தேன். அவர் கேட்டுக் கேட்டு எனக்கு நடித்துக் காட்டினார். முகம் கழுவுகிற மாதிரி: மரையைச் சுத்தமாகத் துடைத்தீர்களா? தூங்குகிற மாதிரி: ஒரு நாள் முழுக்க இறுக விட்டீர்களா?

இரண்டும் இல்லை. மரையெல்லாம் எண்ணெய். எண்ணெய்மேல் எந்தப் பசை பிடிக்கும்? தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதே ஒட்டாமல் இருக்கத்தானே. அடுப்படியில் இத்தனை வருஷம் நின்றும் இது எனக்குத் தோன்றவில்லை.

துடைக்கத் தின்னர் இல்லை. என் பையில் நகப்பாலீஷைக் கரைக்கிற திரவம் இருந்தது, அதுவும் மிருதுளா வாங்கிக்கொடுத்ததுதான். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு மரையையும், ஒவ்வொரு துளையையும் நானே தேய்த்தேன். துணி கறுப்பில்லாமல் வரும் வரை. பிறகு நீலம். பிறகு முடுக்கினோம். பிறகு இன்ஜின் சாவியை எடுத்து என் கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டேன்.

"நாளைக்கு இதே நேரம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

இதைச் சொல்லி முடிக்கும்போது விடுதி வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு ஊன்றுகோல் இறங்கியது. அதன் பின்னால் என் வீட்டுக்காரர்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?"

"சொன்னா வேண்டாம்பே."

வண்டியைச் சுற்றிப் பார்த்தார். போல்டைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார், நான் பார்த்த பார்வையில் மடக்கிக்கொண்டார். "சரி, ஸ்டார்ட் பண்ணுங்கப்பா. குழி தொறந்து கெடக்குது, நாளு போயிட்டே இருக்குது" என்றார்.

யாரும் நகரவில்லை. டிரைவர் நாச்சிமுத்தண்ணனைப் பார்த்தார். நாச்சிமுத்தண்ணன் என்னைப் பார்த்தார்.

"நாச்சிமுத்து, உன்னத்தான் சொல்றேன்."

"கேட்டுச்சுங்க மொதலாளி. அம்மிணி நாளைக்குன்னு சொல்லியிருக்கறாங்க."

இருபது வருஷத்தில் அவர் ஆட்கள் முன்னால் நான் அவரை மறுத்துப் பேசியதில்லை. பேச வேண்டிய இடத்தில் நான் இருந்ததே இல்லை. டூல் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

"மாமா, எங்க அவசரத்துக்கு இந்தப் புள்ளைங்க குடிக்கிற தண்ணிய ஒருக்கா ஊத்தியாச்சுங்க. மறுக்காவும் கேக்க என்னால முடியாது. நாளைக்குத்தான்."

அவர் முகம் சுருங்கியது. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு விடுதி வேப்பமரத்தடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துவிட்டார்கள். ஊன்றுகோல் கைமாறிக் கைமாறிக் கடைசியில் கிரிக்கெட் மட்டையானது. அவர் அம்பயர். மதியச் சோற்றுக்கு நான் கூப்பிட்டதற்கு, "இரு, ஓவர் முடியட்டும்" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பொழுது சாய்வதற்கு முன்னால் இறங்கியது தண்ணீர். இல்லை, ஏறியது.

சொன்ன நேரத்தில் சாவியைப் போட்டேன். பழைய ஆழத்தைத் தாண்டியும் தூசிதான். வீட்டுக்காரர் நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். நாச்சிமுத்தண்ணன் லீவரில் கை வைத்தபடி கண்ணை மூடி, பாறையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போல்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றின் மேல் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தேன், திரும்பினால் கோடு விலகும். விலகவில்லை.

வெள்ளைத் தூசி முதலில் கறுத்தது. பிறகு சேறாகத் தெறித்தது. அதற்குப் பிறகு ஒரு உறுமல். குழிக்குள்ளிருந்து தண்ணீர் வேப்பமர உயரத்துக்குக் கிளம்பி, எல்லார் தலையிலும் கொட்டியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. துலேஷ்வரி முக்காடு விலகியதைக்கூடக் கவனிக்காமல் என்னைத் தூக்கிச் சுற்றினார். என் எடை அவருக்குத் தெரிந்திருக்காது, பாதியில் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம்.

நிமிர்ந்து பார்த்தபோது வீட்டுக்காரர் நனைந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்துப் போட்டோ எடுத்தார். பின்னால் போகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எனக்கு டிக்கெட் போட்டுவிட்டார். சனிக்கிழமை, ராய்ப்பூரிலிருந்து. நல்லதுதான். வீடு எப்படிக் கிடக்கிறதோ. மிருதுளா வேறு பரீட்சை முடிந்து வருவாள். பையை அடுக்கிவிட்டேன். அடுத்த ஊரில் சுண்ணாம்புப் பாறை என்று நாச்சிமுத்தண்ணன் சொன்னார், அதைத் துளைக்க எந்த பிட் மாட்ட வேண்டும் என்று சும்மா கேட்டுவைத்தேன்.

இன்று அவர் வண்டி ஏணியில் ஏறிப் பார்த்தார். மூன்றாவது படியில் முகம் வெளுத்து இறங்கிவிட்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நானும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

ஸ்டேஷனுக்கு என்னை ஏற்றிவிட அவர் வந்தார். ரயில் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து வடை மாதிரி ஒன்றைச் சாப்பிட்டோம்.

"டாக்டரு ஏணி ஏறக்கூடாதுன்னாரு" என்றார் திடீரென்று. "மழக்காலம் வரைக்கும்."

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?"

"வீட்ல ஒக்கார முடியல. காலைல எந்திரிச்சா சத்தமே இல்ல. உன்ற செருப்புக்கூட இல்ல வாசல்ல. என்னமோ மாதிரி இருந்துச்சு. வண்டியப் பாக்கன்னு சொல்லிக்கிட்டு உன்னப் பாக்க வந்தேன்."

கையில் மிச்சமிருந்ததைக் காகிதத்தில் மடித்து வைத்தேன்.

"நீ என்னடான்னா வாக்குக் குடுத்தேங்கற, வீக்கம் வடியட்டுங்கற. ஏம்புள்ள, உனக்கு இங்க இருக்கப் புடிச்சிருக்குதுன்னா சொல்லித் தொலையேன். நான் என்ன கடிச்சா போடுவேன்?"

ரயில் வருவதாக அறிவிப்புச் சொன்னார்கள்.

"புடிச்சிருக்குதுங்க மாமா" என்றேன். "பொங்கலுக்கு மறுநாள், வண்டி ஏறுனப்பவே புடிச்சிருச்சு. உங்க கால் ஒடஞ்சதுக்கு அழுதுட்டே பைய அடுக்குனேன். அடுக்கும்போது பாட்டும் வந்துச்சு. அதான் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என் பையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அப்ப நான் வீட்ல என்ன பண்ணட்டும்?"

"நானு இத்தன வருசமா என்ன பண்ணேனோ அதுதானுங்க. சீசன் முடிஞ்சு எப்ப வருவீங்கன்னு கேட்டுக் கேட்டுப் போன் பண்ணுங்க. ஒவ்வொருக்காவும் நானு சீக்கிரம் வர்றேன்னு சொல்லுவேன்."

சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பெயரில் இருந்த டிக்கெட்டைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு டி.டி.ஆரைத் தேடி நொண்டிக்கொண்டே ஓடினார். அவருக்கு ஜன்னலோரமே கிடைத்தது. ரயில் நகர்ந்தபோது கையசைப்பதற்குப் பதில், "சுண்ணாம்புப் பாறை! தண்ணி நெறயா விட்டு ஓட்டச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே போனார்.

வண்டிக்குத் திரும்பும் வழியில் ஒரு போன் வந்தது. அடுத்த ஊர்க்காரர். மேனேஜர் சாகிப்பிடம் பேச வேண்டும் என்றார்.

"பேசுங்க" என்றேன். ஹிந்தியில்தான் சொன்னேன்.